ரோட்டுக்குக் கிழக்கே சந்தனமாரி

சாமிவிளையை மாநகராட்சியோடு சேர்க்கலாமா என்று கிராமசபையில் கேட்டபோது முதலில் கை தூக்கியவள் சந்தனமாரிதான். தான் தூக்கியது போதாதென்று பக்கத்தில் இருந்த சிநேகிதி செல்வராணியின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"வீட்டுக்குள்ள குழாய் வரும், தூக்குளா!"

குழாய் வந்தது. பொய் சொல்லக் கூடாது, தண்ணீரும் வந்தது. ஆனால் ஊர் முழுவதும் சேரவில்லை. தார்ரோட்டுக்குக் கிழக்கே மாநகராட்சி, மேற்கே பழையபடி பஞ்சாயத்து என்று கோடு போட்டுவிட்டார்கள். சந்தனமாரி வீடு கிழக்கே விழுந்தது. மாநகராட்சிக்குள் போனால் நூறு நாள் வேலை கிடையாது. இதை அந்தக் கூட்டத்தில் ஒரு பாவியாவது வாய் திறந்து சொன்னானா?

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் திருப்பூரில். பதினான்கு வருஷமாகக் குளத்தங்கரையில் மண் சுமந்து, உடைமர நிழலில் குழம்பை மாற்றி மாற்றிச் சாப்பிட்ட கூட்டம்தான் அவளுக்கு மனுஷ மக்கள். கூலி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடத்தான் முடியவில்லை.

"ஒன் வீட்டுக்கு எதிர்ச்சாரியில ஒரு ரூம் காலியா கெடக்கு. வந்துரு, வேலை கார்டை இங்கன மாத்திக்கிடலாம்" என்றாள் மேற்கே இருக்கும் செல்வராணி.

"நான் கல்லு சொமந்து கட்டுன வீட்டைப் பூட்டிட்டு, அதைப் பாத்துக்கிட்டே வாடகைக்கு இருக்கணுமாக்கும்? போளா!"

வீடு மாறவில்லை. ஆனால் உச்சிப்பொழுதானால் ஒரு குடம் குழாய்த் தண்ணீரும் தூக்குவாளியுமாக ரோட்டைத் தாண்டிக் குளத்தங்கரைக்குப் போய்விடுவாள். சாப்பாடு முடிந்ததும் வேலைப் பொறுப்பாளர் இந்துமதி போனில் வருகைப் படம் எடுப்பாள். வேலைக்கு வந்தவர்கள் மட்டும்தான் அதில் இருக்க வேண்டும்.

"சித்தி, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. எனக்கு வேலை போயிரும்" என்று முதல்நாள் கெஞ்சினாள். மறுநாளிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்துமதி போனை எடுத்தாலே, எல்லார் தூக்குவாளியையும் வாங்கிக்கொண்டு சந்தனமாரி மரத்துக்குப் பின்னால் போய்விடுவாள்.

தை மாதம் ஆத்தூர் மண்டபத்தில் செல்வராணி மகளுக்குக் கல்யாணம். "நம்ம கொளத்து வேலைக்காரிய எல்லாம் மேடைக்கு வாங்க" என்று செல்வராணி கூப்பிட, பட்டுச்சேலைகள் சரசரக்க ஏறினார்கள். சந்தனமாரியும் ஏறினாள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். அவள் நாலைந்து பேர் கைப்பையை வாங்கிக்கொண்டு இறங்கி, தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

செல்வராணி மகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏளா மாரி, இங்கன எதுக்கு ஒளியுத? யாருளா ஒன்னைத் தள்ளி நிக்கச் சொன்னா?"

தான் செய்தது சந்தனமாரிக்கே அப்போதுதான் உறைத்தது. "பழகிப்போச்சுளா" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பைகளைப் பிடுங்கி நாற்காலியில் போட்டுவிட்டு, செல்வராணி அவள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனாள்.