அத்தை படத்தோடு வாசலில் நிற்பது ஏன்

பிள்ளைகளா, போன கிழமை பிரதேச சபை மெம்பர் நம்ம தேயிலைத் தோட்டத்துக்கு வந்தப்போ, அத்தை மாமாவுடைய படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டு வாசலில் மழையில் நின்றதைப் பார்த்தீங்க. பெரியவள் குடையை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். சின்னவன் என்னிடம், "அத்தைக்குப் பைத்தியமாப்பா?" என்று கேட்டான். வாயால் சொல்லப் போனால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன்.

அத்தையைக் கட்டிய மாமாவின் அம்மா, பொல்பிட்டியப் பக்கத்துச் சிங்கள மனுசி. அந்த ஊர்ப் பையன்களோடு சேர்ந்து மாமாவும் ஆமிக்குப் போய்ப் பட்டாளத்துக்காரர் ஆனார். வடக்கில் சண்டை மும்முரமாக நடந்த காலம். பஸ்ஸில் நம்ம தமிழ் ஆட்களை மட்டும் இறக்கி, அடையாள அட்டை கேட்டு நிறுத்தி வைத்த காலம். லயத்தில் நின்று "என் புருசன் ஆமியில இருக்காரு" என்று சொல்ல முடியுமா? "கொழும்புல கடையில நிக்கிறாரு" என்று அத்தை சொல்லிவிட்டாங்க. உண்மை தம்பியான எனக்கு மட்டும் தெரியும்.

வடக்குக்குப் போன மாமா திரும்பவில்லை. ஆளைக் காணவில்லை என்று மட்டும் ஆமியிலிருந்து தகவல் வந்தது. செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அத்தை பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழட்டவில்லை. "கொழும்புல வேற ஒருத்தி கெடச்சிருப்பா" என்று லயத்தில் சிரித்தார்கள். அதையும் காதில் வாங்கிக்கொண்டு அத்தை கொழுந்து பறிக்கப் போய் வந்தாங்க.

பிறகு சண்டையும் முடிந்து, பிரதேச சபைத் தேர்தல் வந்தது. டவுனில் கராஜ் வைத்திருந்தவர் ஒருவர் நம்ம வட்டாரத்தில் நின்றார். இரண்டு பாஷையும் தண்ணி மாதிரி பேசுவார். சிங்கள நோட்டீசில், வடக்கில் சண்டை போட்ட வீரன் என்று ஆமி உடுப்போடு நின்றார். தமிழ் நோட்டீசில் வேட்டி கட்டி, கோயில் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் சாமான் வாங்கும் கடைக்கார முஸ்லிம் நானா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"தம்பி, அண்ணன் தம்பியா இவங்க?"

"ஒரே ஆளுதான் நானா."

"அப்ப ஒரு வோட்டுக்கு ரெண்டு பேரு கெடைக்கிறாங்க. லாபம்தான்."

எதிர்க் கட்சிக்காரன் சும்மா இருப்பானா? ஸ்பீக்கர் கட்டின வேன் லயம் லயமாகக் கத்திக்கொண்டு போனது. "இவரு வடக்குப் பக்கம் தலை வச்சே படுக்காதவரு! தெற்குல முகாம் குசினியில வெங்காயம் உரிச்சவரு! அதுலயும் பாதியில ஓடி வந்தவரு!" அடுத்த நாள் அவருடைய ஜீப்பைப் பார்த்ததும் இளவட்டங்கள் "வெங்காயம்! வெங்காயம்!" என்று கூப்பிட்டார்கள். நானும் சிரித்தேன்.

அவர் விடவில்லை. அன்று பின்னேரமே தோட்டத்து மைதானத்தில் மைக்கைப் பிடித்து, தான் சண்டை போட்ட முகாமின் பெயரைச் சொன்னார். அதைக் கேட்டதும் அத்தை கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாங்க. மாமா கடைசியாக இருந்த முகாம் அது.

"தம்பி, அவருக்குத் தெரிஞ்சிருக்கும். என்னைக் கூட்டிட்டுப் போ."

டவுனில் அவருடைய காரியாலயம். சுற்றிலும் அவருடைய ஆட்கள். அத்தை சேலைக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினாங்க. "ஐயா, இவரைத் தெரியுமாங்க?"

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொன்னால், அந்த முகாமில் இருந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்ற பேச்சு வரும்.

"தெரியாமயா அக்கா? என் பக்கத்துலதான் இருந்தாரு. செல் குண்டு விழுந்துச்சு. என் மடியிலதான் உசிரு போச்சு. கடைசி வரைக்கும் உங்க பேரைத்தான் சொன்னாரு."

என்ன பேர் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாங்க.

மறுநாள் கூட்டத்தில் அதையே அவர் ஸ்பீக்கரில் சொன்னார். "இந்தத் தோட்டத்து மருமகன் என் மடியில செத்தாரு! நான் வெங்காயம் உரிச்சவனா?" அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். இத்தனை வருசம் அத்தை மூடி வைத்தது அந்தக் கைதட்டலில் போனது. "ஆமிக்காரன் பொண்டாட்டியா நீ?" என்று தண்ணி பிடிக்கிற பீலிக்கரையிலேயே கேட்டார்கள்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் செத்தவர்களுக்குச் செய்தி காதில் விழுந்த நாள்தான் செத்த நாள். அன்றிலிருந்து தீட்டு. கோயில் திருவிழாவும் நெருங்கிவிட்டது. "சேதி வந்துருச்சில்ல, காரியத்தைச் செஞ்சு முடிங்க" என்றார் பூசாரி. ஆற்றில் வைத்துப் பெண்கள் அத்தையின் பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழட்டினார்கள். பிள்ளை இல்லாத மாமாவுக்கு நான்தான் பிண்டம் கரைத்தேன். வீட்டில் படத்துக்கு மாலை போட்டோம்.

அதற்கடுத்த வாரம் எதிர்க் கட்சி மேடையில் ஓர் ஓய்வுபெற்ற ஆமி அதிகாரியை ஏற்றினார்கள். "அந்த ஆள் என்னோட ஸ்டோர்ல அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தவன். வடக்குக்கு அனுப்பப் போறோம்னதும் லீவுல போனான், திரும்பி வரல" என்றார். கராஜ்காரர், "என் பேப்பரெல்லாம் வெள்ளத்துல போயிருச்சு" என்றார்.

அன்றிரவே எதிர்க் கட்சிக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, நீங்க ஒண்ணும் பேச வேணாம். மேடையில ஏறி அழுதாப் போதும்."

"எனக்கு அழுவ மேடை எதுக்கு? அந்தக் கராஜ்காரரு அந்த முகாம்ல இருந்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"எலெக்சன் முடியட்டும் அக்கா, பார்ப்போம்."

தேர்தல் முடிந்தது. கராஜ்காரர் மெம்பர் ஆனார். அதற்குப் பிறகு அவர் சண்டையில் எங்கே இருந்தார் என்ற கேள்வி ஊரில் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த அதிகாரியையும் யாரும் தேடவில்லை. அந்தப் பதில் அத்தைக்கு மட்டும் தேவைப்பட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அவரிடம் போனாங்க.

"நெசத்தை மட்டும் சொல்லுங்கய்யா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க அவரைப் பாக்கலைன்னாலும் பரவாயில்ல."

"அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே அக்கா. உங்களுக்கும் ஒரு நிம்மதி வேணாமா?"

"எனக்கு இன்னும் முடியலைங்களே."

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வரும் வழியில் அத்தை பூசாரி வீட்டு வாசலில் நின்றாங்க. "சாமி, செஞ்ச காரியத்தைத் திருப்ப வழி இருக்கா? பொய்ச் சேதிக்குச் செஞ்சிட்டோம்னா?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டு, "தாலியைத் திருப்பிக் கட்ட அவரு வரணுமேம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் படத்திலிருந்து மாலையை எடுத்துவிட்டாங்க. பொட்டு வைக்கவில்லை. மாலை இல்லாத படமும் பொட்டு இல்லாத நெற்றியுமாகத்தான் நீங்கள் அத்தையைப் பார்த்து வருகிறீர்கள்.

அதற்குப் பிறகு மெம்பர் எப்போது தோட்டத்துக்கு வந்தாலும் அத்தை படத்தோடு வாசலுக்கு வந்துவிடுவாங்க. திட்டுவதில்லை. கேட்பதும் இல்லை. அவர் பார்க்கிற மாதிரி நிற்பாங்க, அவ்வளவுதான். போன கிழமை ரோடு திறக்க வந்தவர், நம்ம லயத்தைச் சுற்றிக்கொண்டு தேயிலை ஸ்டோர் பக்கமாக இறங்கிப் போனதை நீங்களும் பார்த்தீங்க. அவர் திறக்க வந்த புது ரோடு நம்ம வாசலுக்கு நேராகத்தான் போகிறது.

பெரியவளே, அடுத்த தடவை அந்தக் குடையை அத்தைக்குப் பிடி. சின்னவனே, நீ மற்றப் பக்கம் நில்லு. உங்க சிநேகிதர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் வேலைக்குப் போயிருந்தாலும், சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுவேன்.