சிவப்புத்தாள் சந்து

இதை எழுத உட்காரும் முன் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த நாற்றம் பொய்யாக இருந்தால் நான் இப்படிக் கழுவிக்கொண்டிருக்க மாட்டேன்.

பினாங்கில் எங்கள் தெருக்களுக்கு இரண்டு பெயர்கள். பலகையில் ஒன்று, வாயில் ஒன்று. நானும் என் மனைவி பீ சுவானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாய்ப்பெயர்களின் கதைகளைக் கேட்டுச் சேகரித்தோம். எங்கள் வீட்டுப் பின்சந்துக்குச் ‘சிவப்புத்தாள் சந்து’ என்று பெயர். ஒரு காலத்தில் சிவப்புத்தாள் விற்கும் கடை இருந்ததாம். சந்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

பீ சுவான் அக்டோபரில் இறந்துபோனாள். மூளையில் இரத்தக் கசிவு.

அவள் கடைசியாகப் போட்டிருந்த கெபாயா சட்டையை நான் துவைக்கவில்லை. பின்னறை அலமாரியில் மாட்டியிருந்தேன். கழுத்துப் பட்டியில் அவளுடைய அரிசிப் பவுடர் வாசனை இருந்தது. வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை முகர்வேன். அவளில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

சீனப் புத்தாண்டு வந்தது. இந்தச் சந்தில் எல்லா வீட்டுப் பின்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு சின்னப் பலகைக் கதவு உண்டு. உள்ளே செங்கல் வைத்து அடைத்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் புத்தாண்டுக்கு முந்தின நாள் அதன்மேல் சிவப்புத்தாள் ஒட்டுவார்கள். துக்க வீட்டில் சிவப்பு ஆகாது. நான் ஒட்டவில்லை.

பக்கத்து வீட்டுக் கிம் லூயி அத்தை என் கதவிலும் ஒன்றை ஒட்டினாள்.

“துக்க வீடு, அத்தை.”

“துக்கம் முன்வாசலுக்கு. பின்னால இருக்கிறதுக்கு என்னடா துக்கம்? பெரிய படிப்பாளி. சும்மா விடு.”

அவள் போனதும் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் மாலை ஏழேகால். எதிர்வீட்டில் வாத்து வறுக்கும் மணம். நான் பின்னறையில் இருந்தேன்.

டங்...

வாளியின் பிடி விளிம்பில் மோதும் சத்தம்.

பிறகு நாற்றம். முதலில் செத்த எலி என்று நினைத்தேன். இல்லை. மலம். வெயிலில் ஊறிய பழைய மலம். மூக்கைப் பொத்தினால் வாய் வழியாக வந்தது. நாக்கில் படிந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

சாக்கடையைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. சந்தில் யாரும் இல்லை.

திரும்பி வந்தேன். அடைத்த சுவருக்குள் பலகை உயரும் சத்தம்... ஈரமாக ஏதோ இழுபடும் சத்தம்...

டங்...

அலமாரிக் கதவு திறந்திருந்தது.

நான் திறக்கவில்லை.

சட்டையின் கீழ் விளிம்பில் பழுப்பாக ஐந்து கோடுகள். ஈரம். யாரோ கை துடைத்ததுபோல.

கழுத்துப் பட்டியை முகர்ந்தேன்.

முகர்ந்திருக்கக் கூடாது.

காலையில் அத்தையிடம் போனேன். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

“கிழிச்சிட்டியா?”

“நாத்தம், அத்தை.”

“வாளிக் கக்கூஸ் காலத்துல அந்தக் கதவு வழியாத்தான் வாளிக்காரன் எடுப்பான். புத்தாண்டுக்கு அவனுக்குக் காசைச் சிவப்புத்தாள்ல மடிச்சு அதுல ஒட்டுவோம். இல்லேன்னா வாளியை வாசல்ல கவிழ்த்துடுவான்.”

“தாள் கடைன்னு சொன்னீங்க?”

“கடையாவது மண்ணாவது. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட சொன்ன பொய்டா அது. பீ வாளியால வந்த பேருன்னா எவன் என்னைக் கட்டியிருப்பான்?”

என் வீட்டுப் பின்பக்கமாகக் கையைக் காட்டினாள்.

“ஒரு புத்தாண்டன்னிக்கு உன் வீட்டுப் பின்னாலதான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். அப்பவும் அது துக்க வீடு, தாள் ஒட்டல. கை துடைக்க ஒரு துணி கேட்டான். நல்ல நாளும் அதுவுமா யாரு கிட்டப் போவா? எங்கம்மா ஜன்னலைச் சாத்தினாங்க. மறுநாள்தான் தூக்கினாங்க.”

சட்டையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையை முக்கி எடுத்தேன். நாற்றம் போகவில்லை. பவுடர் வாசனைதான் போய்விட்டது. வைத்திருக்க முடியவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. மாலையில் அந்தச் சின்னக் கதவின் கொக்கியில் மாட்டினேன். எடுத்துக்கொள் என்று சொன்னேன்.

விடிந்தபோது சட்டை இல்லை. வீட்டில் நாற்றமும் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

புத்தாண்டின் பதினைந்தாம் நாள் பண்டிகையன்று கிம் லூயி அத்தை வந்தாள். உட்காரவில்லை.

“அவனுக்கு என்னத்தைக் குடுத்தே?”

“ஒண்ணுமில்லை. ஏன்?”

“தினம் சாயங்காலம் சந்துல பீ சுவானைப் பாக்கிறேன். அவன் பின்னாலயே போறா. மூக்கைப் பொத்திக்கிட்டு.”