மெஷின் வரிசையை ஒப்படைத்த கதை

அறுவடை மெஷின் புரோக்கர் வாய் இருந்தால் பிழைத்துக்கொள்வான். இலவச சாஃப்ட்வேர் எழுதியவனுக்குக் காது இருந்தால் போதும், திட்டு தானாக வந்து விழும். உத்திரமேரூரில் நான் இரண்டு தொழிலும் பார்த்தவன். எதையாவது சும்மா செய்து கொடுத்து மாட்டிக்கொண்டவர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

சும்மா கொடுத்தவன்

பத்தாவதில் பெயிலாகி, ஒரு பிரவுசிங் சென்டரில் தரை பெருக்கி, அங்கேயே கம்ப்யூட்டரை நோண்டிக் கற்றுக்கொண்டேன். பிறகு புரோக்கரானேன். எங்கள் பக்கம் பாதிக் கழனிக்கு வழி கிடையாது. ரோட்டோரக் கழனியை அறுத்த பிறகுதான் மெஷின் அதன் மேலேறி உள்கழனிக்குப் போக முடியும். யாருக்கு முன் யார் என்று தினமும் சண்டை. "உன் ஆளுக்குத்தானே மொதல்ல அனுப்புற" என்று எவனோ கேட்டான். அந்தக் கோபத்தில்தான் வரிசை போடும் புரோகிராமை எழுதினேன். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்தே வைத்தேன்.

எடுத்துக்கொண்டார்கள். தாமல் கிராமத்தில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டது. ஒருநாள் சோற்றில் கை வைக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, தன் ஊர் ஏரி மேப்பில் இடம் மாறியிருக்கிறது, உடனே சரிசெய் என்றார். "நான் இன்னா உன் வூட்டு வேலைக்காரனாய்யா?" என்று கத்தினேன். அவர் போனை வைக்காமலே பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "சும்மா குடுத்தவருக்கு இன்னா கோவம் வருது பாரு!"

கடைவாய்ப் பல்

பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து படுத்திருந்த நேரம் பார்த்து புரோகிராம் நின்றுவிட்டது. பாஸ்வேர்ட் என் மண்டைக்குள் மட்டும். போன் வெளியே மனைவி மல்லிகாவின் கையில். பல ஊர்களில் மெஷின்கள் அடுத்த கழனி எது என்று தெரியாமல் நிற்க, எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்து சரிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நாளிக்கி உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா, உன் போட்டோவுக்கு முன்னாடி வந்து நின்னுகினு பாஸ்வேர்ட் கேப்பாங்க."

எழுந்து போன பேரம்

அதனால் ஒப்படைப்பது என்று முடிவு. புரோகிராமில் அவ்வப்போது திருத்தம் அனுப்பிவந்த இரண்டு பேர் முன்வந்தார்கள். செல்வி திருமுக்கூடல்காரர், இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சொந்தக் கழனியைப் பார்க்கிறவர். பிரதீப் பெங்களூரில் வேலை. சேற்றில் கால் வைக்காதவர். வேலையை நீங்கள் பாருங்கள், கடைசிச் சொல் என்னுடையது என்றேன். செல்வி முடியாது என்றார். என் வழக்கப்படி கோபமாகப் போனை வைத்தேன். எங்கள் தொழிலில் எழுந்து போவதும் பேரத்தில் ஒரு படிதான். நாலடி போவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டாக வேண்டும்.

யாரும் கூப்பிடவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று போனை இரண்டு முறை பார்த்துவிட்டு, நானே கூப்பிட்டேன். மூன்று பேருக்கும் மூன்று சாவி. யார் மாற்றினாலும், அது நானாகவே இருந்தாலும், மற்ற இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று முடிந்தது. அப்போதும் செல்வி நம்பவில்லை. "பேரம் முடிஞ்சிதாண்ணா, இன்னொரு வாட்டி எயுந்து போவீங்களா?"

றெக்கை

பிரதீப் முதல் வேலையாக டீசல் மிச்சம் பிடித்தார். மெஷின் சுற்றும் தூரம் குறையும்படி வரிசையை மாற்றி எழுதினார். சோதனைக்கு ஒரே ஒரு மெஷினில் போட்டோம். டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ரோட்டில் நின்றபடி எனக்குப் போன் செய்தார். "அண்ணா, நாலாவது வயலுக்குப் போகச் சொல்லுதுங்க. முன்னாடி மூணுலயும் கதிர் நிக்குது. றெக்கைய எங்கண்ணா வச்சிருக்கீங்க?"

நான் பிரதீப்பைக் கிழிக்கத் தயாரானேன். செல்வி குறுக்கே வந்து, இந்த வழி விஷயத்தை எங்கேயாவது எழுதி வைத்தீர்களா என்று கேட்டார். ஊருக்கே தெரிந்ததை எவன் எழுதுவான்? அன்றைக்கே உட்காரவைத்து புரோகிராமின் முதல் பக்கத்தில் எழுத வைத்தார். நானும் வீறாப்பாக எழுதினேன்: 'ரோட்டுக் கழனி முதலில். ஆனால் மெஷின் இறங்கிவிட்டால் கடைசி உள்கழனி முடியாமல் வெளியே வரக்கூடாது, எந்தக் கொம்பன் கேட்டாலும்.' பிரதீப் படித்துவிட்டுச் சொன்னார்: "சார், மேப்ல வரப்பு தெரியுது. வரப்புக்காரங்க கோவம் தெரியலையே."

கொம்பன்

ஆவணியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏரிக்குக் கீழே இறங்கிய மெஷின் ரோட்டோரத்தை முடித்துவிட்டது. உள்ளே அஞ்சலையின் கழனி மட்டும் பாக்கி. கூலி வேலைக்குப் போகிறவள். குத்தகை நிலத்தில் வைத்த பயிர், வீட்டுக்கு வருஷத்துச் சோறு. மெஷின் வெளியே போனால் மழைக்கு முன் திரும்பாது. அப்போது பார்த்து மல்லிகாவின் தம்பி கூப்பிட்டான். ஏரிக்கு அந்தப் பக்கம் அவனுக்கு ரோட்டோரக் கழனி. "மாமா, மெஷினை இப்பிடி திருப்பு. மய வந்துகினு கீது."

உட்கார்ந்து நாலே வரி எழுதினேன்: மழை நாளில் மெஷின் எங்கே இறங்கியிருந்தாலும் வெளியே வந்து ரோட்டோரக் கழனிகள் முதலில். நிறையப் பேர் நெல் தப்பிக்கும் என்று காரணமும் போட்டு அனுப்பினேன். செல்வி உடனே 'முடியாது' என்று போட்டார். பிரதீப்பும் அதையே போட்டார். செல்விக்குப் போன் செய்து, இந்த புரோகிராமையே எழுதினது யார் தெரியுமா என்று கத்தினேன். குரல் உயரவில்லை அவருக்கு. "தெரியும்ணா. அந்த மொதப் பக்கத்தையும் நீங்கதான் எழுதுனீங்க. அதனாலதான் நாங்க கை வெக்கல."

அஞ்சலையின் கடைசி மூட்டை தார்ப்பாயின் கீழே போகவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. மச்சானின் பயிர் சாய்ந்து, தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் புதையாத பெல்ட் வண்டி விட்டுப் பாதிக்கு மேல் மீட்டோம். வரப்பில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா மாமா, நீ பெத்த புரோகிராமே உன் பேச்சக் கேக்கலியா?"

எந்தப் பேரத்திலும் தோற்றதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான் கடைசியில் என் கையாலேயே எழுதிய ஒரு வரியிடம் தோற்றுவிட்டேன், அதை அழிக்கலாமென்றால் அதற்கும் இரண்டு பேரைக் கேட்க வேண்டியிருக்கிறது.