கமா சார் போட்ட கையெழுத்து

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கிற அவருக்கு அங்கே பெயர் கமா சார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அச்சான எழுத்து எங்கே கிடந்தாலும் அதில் பிழை தேடாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. பேருந்துச் சீட்டு, மருந்துப் பெட்டி, பல் மருத்துவர் வாசலில் தொங்கும் பலகை என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் 'வீடு வாடகைக்கு' என்று கதவில் ஒட்டிய தாளில் சிவப்புப் பேனாவால் இரண்டு திருத்தம் போட்டுவிட்டு வந்து, அன்று முழுக்க மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். பிழை பார்க்கும்போதுகூட ஒரு கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் கண் மட்டும் ஆணி அடித்தாற்போல் தாளில் நிற்கும். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பக்கத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லை நோக்கிப் பின்னாலேயே போவார். நேராகப் படித்தால் விஷயம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் தங்காது என்பார். உண்மைதான். பத்தொன்பது வருடமாக எந்த வாடிக்கையாளரும் தப்பாக அச்சாகிவிட்டது என்று வாசலில் வந்து கத்தியதில்லை. ஒரே ஒரு குறை, அவர் பார்த்துக் கொடுத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. தனக்குத் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது. வார்த்தைக்கு வார்த்தை எதிர்க்கேள்வி போடும் பெண். வக்கீலாகப் போகிறேன் என்று ஒன்பது வயதில் சொன்னவள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பள்ளியில் அடுத்த வருடத்திலிருந்து ஆங்கிலம் இரண்டாகப் பிரியும். முதல்நிலை ஆங்கிலம் என்றால் கதை, கவிதை, நீண்ட கட்டுரை, மேடையேறி வாதம். பயன்பாட்டு ஆங்கிலம் என்றால் கடிதம், அறிக்கை, விண்ணப்பம். எது வேண்டும் என்று படிவத்தில் குறித்து, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கிப் பள்ளி ஒவ்வொரு வருடமும் ஒரு கையேடு போடுகிறது. அது அச்சாவது கமா சாருடைய அச்சகத்தில்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் கையேட்டையும் படிவத்தையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா, நான் முதல்நிலை எடுக்கலாம்னு இருக்கேன்."

கமா சாருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. அவர் பள்ளியில் படித்தபோது அந்தப் பாடத்தில்தான் இரண்டு முறை கோட்டை விட்டார். கல்லூரி கைநழுவிப் போனது அதனால்தான். இன்றைக்கும் தேர்வு எழுதுவதுபோல் கனவு வந்தால் வியர்த்துப் போய் எழுந்து உட்காருவார்.

"வேணாம்மா. அது ஆளைக் கவுத்துடும். இப்போ பயன்பாட்டுல சேந்து நல்ல மார்க் வாங்கு. அப்புறம் வேணும்னா அதுக்கு மாறிக்கலாம்."

"மாற முடியாதுன்னு நினைக்கிறேன்பா. பதினோராம் பக்கத்துல..."

"ஏய், மூணு வருஷமா அந்தப் புத்தகம் என் கண்ணு வழியாத்தான் போவுது. எனக்கே பக்கம் சொல்றியா? தாராளமா மாறலாம்."

அவர் குரலில் அத்தனை உறுதி. எதற்கும் மல்லுக்கு நிற்கும் பெண் அன்று ஏனோ நிற்கவில்லை. பயன்பாட்டு ஆங்கிலத்துக்கு நேரே குறியிட்டு நீட்டினாள், அவர் கையெழுத்துப் போட்டார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பள்ளி இன்னும் இருநூறு கையேடு கேட்டதால், மெஷின்காரர் அதை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார். மை காய்கிறதா என்று ஒரு தாளை உருவிப் பார்த்தவர் அப்படியே படித்துக்கொண்டு வந்து கமா சாருடைய மேசையருகில் நின்றார்.

"சார், இந்த ரெண்டாவது இங்கிலீஷ் எடுத்தா சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட முடியாதாமே? உங்க பொண்ணு வக்கீலுக்குத்தானே படிக்கப் போவுதுன்னீங்க?"

"எவன் சொன்னான்?"

"நான் எங்க சொல்றேன்? இதுல போட்டிருக்கு. நீங்க பாத்து குடுத்ததுதானே."

கமா சார் தாளை வாங்கினார். பதினோராம் பக்கம். வாழ்க்கையில் முதல் முறையாக அதை மேலிருந்து கீழே படித்தார். பயன்பாட்டு ஆங்கிலத்தில் சேர்ந்த மாணவர் பிறகு முதல்நிலைக்கு மாற இயலாது. சட்டம், இதழியல், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்கு முதல்நிலை கட்டாயம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவரே பார்த்துக் கொடுத்தது அல்லவா, எப்படி இருக்கும்?

பள்ளிக்குத் தொலைபேசி செய்தார், லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மகளுடைய கைபேசி பள்ளி நேரத்தில் அணைந்திருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியைப் பிடித்தார்.

"அந்தப் படிவத்தைக் குடுத்துட்டாளா?"

"நேத்தே குடுத்திருப்பா. ஏன்?"

"மாற முடியாதாம்டி. நான் தப்பா சொல்லிட்டேன்."

"அன்னிக்கு ராத்திரி அவ சரியாவே சாப்பிடலைங்க. நீங்க தெரியும் தெரியும்னு சொன்னதால நானும் விட்டுட்டேன். ஃபோனை வெச்சுட்டு முதல்ல கிளம்புங்க."

கிளம்ப விட்டால்தானே! இருமல் மருந்துக்கான துண்டுப் பிரசுரம் பிழை பார்த்து மூன்று மணிக்குள் போயாக வேண்டும். மருந்துக் கம்பெனி ஆள் முதலாளியின் அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கமா சார் போய் முதலாளியிடம் கெஞ்சினார்.

"சார், ஒரு மணி நேரம் வெளிய போய்ட்டு வந்துடறேன்."

"இதை முடிச்சுட்டு எங்க வேணா போங்க. குழந்தைங்க குடிக்கிற மருந்து, அளவு தப்பாப் போச்சுன்னா என்னைத்தான் உள்ள தூக்கிப் போடுவாங்க."

உட்கார்ந்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். மறுபடி உட்கார்ந்தார். கடைசிச் சொல்லில் தொடங்கி நாலு வரி ஏறுவதற்குள் பதினோராம் பக்கம் குறுக்கே வந்து நின்றது, திரும்பவும் கீழிருந்து தொடங்கினார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. அவர் கையெழுத்துப் போட்டு நீட்டியபோது மணி மூன்று பத்து.

பேருந்து வந்தது. ஆனால் இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பாலம் பழுது பார்க்கிறார்கள் என்று அசையாமல் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஓட்டுநரிடம் சண்டை போட்டு நடுச்சாலையில் இறங்கி நடந்தார், நடை போதாமல் ஓடினார். வழியெல்லாம் பலகைகள் இருந்தன. ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அம்மாள் படிவங்களை அடுக்கி ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தார். மணி நாலாக எட்டு நிமிடம். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார் கமா சார். அந்த அம்மாள் வளையத்தைக் கழற்றி, ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்தார்.

"உங்க பொண்ணு இன்னும் குடுக்கவே இல்லையே சார்."

அவர் திரும்பினார். நடைபாதை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் படிவம். வந்த வேகத்தில் அவளைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறார், கவனிக்கவே இல்லை. அவள் எழுந்து வந்தாள்.

"என்னப்பா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"நான் அதைப் படிக்கவே இல்லம்மா," என்றார். எழுத்தர் அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. "மூணு வருஷமா எழுத்தை மட்டும்தான் பாத்திருக்கேன். என்ன போட்டிருக்குன்னு இன்னிக்குத்தான் படிச்சேன். நீ சொன்னதுதான் சரி."

எழுத்தர் அம்மாள் புதுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்து, சீக்கிரம் என்பதுபோல் கடிகாரத்தைக் காட்டினார். கமா சார் பேனாவைத் திறந்து முதல்நிலைக்கு நேரே கொண்டுபோனார். பிறகு என்ன தோன்றியதோ, பேனாவை அவளிடம் கொடுத்தார்.

"நீயே போடு. எது வேணுமோ அது."

அவள் முதல்நிலைக்குக் குறியிட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. எழுத்தர் அம்மாள் முத்திரை குத்தி அதைக் கட்டோடு சேர்த்துக்கொண்டார்.

வெளியே வந்து இருவரும் கேட் வரைக்கும் நடந்தார்கள். பழைய படிவம் இன்னும் மகள் கையிலேயே இருந்தது.

"ரெண்டு நாளா ஏன் குடுக்காம வெச்சிருந்த?"

"குடுக்க மனசு வரல."

"நான் வராம இருந்திருந்தா?"

"குடுத்துட்டுப் போகத்தான் உக்காந்திருந்தேன்."

"மாற முடியாதுன்னு தெரிஞ்சுமா?"

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. நான்தான் ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன்பா."

அவள் படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கேட் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். முகத்தில் இரண்டு நாள் பாரம் இறங்கியிருந்தது. பசிக்கிறது என்றாள். கமா சாருக்கு மட்டும் பயம் விட்டபாடில்லை. வேலை முடிந்தது, முத்திரையும் விழுந்தது, ஆனாலும் அது போகவில்லை. அதே உறுதியோடு இந்தப் பதினைந்து வருடத்தில் இவளிடம் வேறு என்னென்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தார்.