விசுக்கோத்துப் பக்ரறி வெடித்த கிழமை

காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கொயின் லோன்றியில் வேலைக்கு நின்றவர்களுக்கு ஒன்று தெரியும்: மெசின் பழுதானாலும் குற்றவாளி நாங்கள்தான், சட்டையில் சாயம் போனாலும் குற்றவாளி நாங்கள்தான். எண்பதுகளின் நடுவில், ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், அப்படி ஒரு லோன்றியில் நான் நின்றேன். மெசின் துடைப்பது, சில்லறை மாற்றிக் கொடுப்பது, ஏச்சு வாங்குவது ஆகியவை என் கடமைகள். நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று ஏச்சு வாங்கியவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

இஞ்சி வாசம்

றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விசுக்கோத்துப் பக்ரறி, பெரிய தொழிற்சாலை. எங்கள் யாழ்ப்பாண ஆட்கள் பலருக்கு அங்கேதான் வேலை. இஞ்சி விசுக்கோத்து போடும் நாட்களில் அந்த வாசம் கதவால் நுழைந்து, டிரையரில் சுழலும் உடுப்பிலெல்லாம் ஏறிவிடும். எனக்கு அது பிடிக்கும். எல்லாருக்கும் பிடிக்கும் என்றே நினைத்திருந்தேன், ஒரு பஸ் ட்ரைவர் தன் யூனிபோர்மைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்வரை.

“இதைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. என் நாய் விடாமல் நக்குகிறது!”

மேசைக்குக் கீழே

வெடித்தது ஒரு கோடைகாலப் பின்னேரம். மா கலக்கும் அறையில் பறந்த மாத்தூசி தீப்பற்றிக்கொண்டதாம். அது பிறகு தெரிந்த கதை. அப்போது கேட்டது பெரிய சத்தம் மட்டும். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. நானும், உடுப்பு மடித்துக்கொண்டிருந்த இன்னொரு யாழ்ப்பாணத்தாரும் யோசிக்கவே இல்லை. ஒரே நேரத்தில் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தோம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு உடம்பு தானாகவே அதைச் செய்துவிடும்.

அடுத்த மெசினில் தோய்த்துக்கொண்டிருந்த றோசா என்ற இத்தாலியப் பெண்மணி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மெல்லக் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தா.

“என்ன தேடுகிறீர்கள்? சில்லறை விழுந்துவிட்டதா?”

ஒரே நிறம்

எழும்பிப் பார்த்தால் பக்ரறிக் கூரையில் ஒரு மூலையைக் காணவில்லை. தெரு முழுக்க மா இறங்கிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் இருமியபடி ஓடிவந்து, திறந்து கிடந்த எங்கள் கதவுக்குள் நுழைந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. யார் தமிழர், யார் கிரேக்கர், யார் ஜமேக்காக்காரர் என்று சொல்ல முடியாது. நான் தண்ணீரும் துவாயும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது றஞ்சி அக்கா ஓடிவந்தா. அவவின் கணவர் சிவம் அண்ணைக்கு மா கலக்கும் அறையில்தான் வேலை. அக்கா ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தவர்களின் முகங்களைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு போனா. அவர்களும் குழந்தைகள்போல முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். கடைசி முகமும் சிவம் அண்ணையுடையது இல்லை. அக்காவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, அண்ணையை அம்புலன்ஸிலை ஏத்தினவங்கள். தானா நடந்துதான் ஏறினவர். நான் கண்டனான்.”

ஆஸ்பத்திரியில்

லோன்றியை றோசாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, ராக்ஸி பிடித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவ என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தா.

திரையை விலக்கினால், சிவம் அண்ணை கட்டிலில் நிமிர்ந்து இருக்கிறார். இரண்டு கையிலும் பெரிய கட்டு. புருவம் இரண்டும் இல்லை. அக்காவைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

“என்னப்பா, அடுப்பை நிப்பாட்டிப்போட்டோ வந்தனீர்?”

மாக் கயிறு

அடுத்த நாள் வட்டாரமே மூட்டை மூட்டையாக மா படிந்த உடுப்புக் கொண்டுவந்தது. உதறிவிட்டுப் போடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். யார் கேட்டார்கள்? மாவில் சுடுதண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இடியப்பம் அவிக்கிற நமக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் எல்லா மெசினும் நின்றுவிட்டன. லோன்றியின் கிரேக்க முதலாளி வந்து கழிவுக் குழாயைக் கழற்றி இழுத்தார். கயிறுபோல, முடிவே இல்லாமல், பிசைந்த மா வந்தது. இன்றோடு என் வேலை போச்சு என்று நின்றேன். அவர் அதை விரலால் அமத்திப் பார்த்தார்.

“பதம் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்.”

திரும்பிப் போன நாள்

கை ஆறும்வரை சிவம் அண்ணை பகலெல்லாம் எங்கள் வாங்கிலேயே இருந்தார். தேத்தண்ணிக் கோப்பையை நான்தான் வாயில் பிடிப்பேன். திரும்பவும் அங்கே போகக்கூடாது என்று றஞ்சி அக்கா ஒற்றைக் காலில் நின்றா. கடைசியில் வேலையாட்கள் எல்லாரும் ஒன்றாகப் போய், தூசி இழுக்கிற காத்தாடி பூட்டினால்தான் உள்ளே வருவோம் என்று நின்றுகொண்டார்கள். பக்ரறிக்காரர் காத்தாடியைப் பூட்டிக் கொடுத்தார்கள். அக்கா தானே போய் உள்ளே பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சம்மதித்தா.

முதல் நாள் வேலை முடிந்து, உடைந்த விசுக்கோத்து ஒரு பெரிய பையோடு அண்ணை வந்தார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு பை, வருகிறவர் எல்லாருக்கும் பங்கு. பயமில்லையா அண்ணை என்று கேட்டேன்.

“பயம்தான் தம்பி. ஆனா நாள் முழுக்க உன்ரை மூஞ்சியைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.”

அந்த வெடியில் எங்கள் வட்டாரத்தில் பயந்தவர்கள் பலர், காயப்பட்டவர் ஒருவர், அந்த வருசம் மெலிந்தவர் என்று சொல்ல ஒருவருமில்லை.