செருமாத பெட்டி

அப்போது எனக்குப் பாளையங்கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழைய போட்டோப் பெட்டியை வாங்கியதும் என்னை ஒரு மேதையாகவே நினைத்துக்கொண்டேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் ஊருக்குத் தெரிவது என் பின்புறம் மட்டும். பார்க்க அதுதான் லட்சணம் என்றார்கள் ஆபீஸ் நண்பர்கள்.

ஒரு காலை பெட்டியைத் தாமிரபரணிக்குச் சுமந்துபோனேன். துணிக்குள் இருந்த கண்ணாடியில் ஆறு தலைகீழாக நின்றது. மேலே தண்ணீர், அதிலிருந்து தொங்கியபடி குளிக்கும் பெண்கள். படம் பிடித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பெண்கள் படித்துறையைத் தாண்டும் ஆண்பிள்ளை தூரத்திலேயே தொண்டையைச் செருமுவான். அவர்கள் சேலையைச் சரிசெய்த பிறகுதான் நடப்பான். அன்று நான் செருமவில்லை. செருமினால் எல்லாரும் திரும்பிவிடுவார்களே, படம் கெட்டுவிடுமே!

படம் விழுந்த கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது எட்டுப் பெண்களின் நடுவே ஒருத்தி தெரிந்தாள். கூந்தலைப் பிழிகிறாள், வடியும் நீர் நூலாக நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நம்பும் முகம். என்னை அறியாமல் கும்பிட்டேன். பட்டணத்துக் கண்காட்சிக்கு அனுப்பப்போவதாக ஆபீஸில் பீற்றியும் கொண்டேன்.

பேச்சு ஆற்றங்கரைக்குப் போகாதா? மூன்றாம் நாள் அவளே என் வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் தலை பிழியுத படம் இருக்காமே? காட்டுங்க."

தகட்டை வெயிலில் பிடித்தேன்.

"இதென்ன, மூஞ்சி கறுப்பு, முடி வெள்ளை?"

"காயிதத்துல ஏத்துனா சரியாயிரும். பட்டணமே பாத்து மலைக்கும்."

"பட்டணம் பாக்கட்டும்னா தலைய விரிச்சுப் போட்டேன்? நீங்க செருமுனியளா?"

"இல்ல."

"உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். பெட்டிக்குமா?"

தகட்டை நீட்டினேன். உடைக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்படி அழியும்?" என்றாள்.

"வெந்நீர் பட்டா உரிஞ்சிரும்."

வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். கட்டைவிரலை நனைத்துத் தன் உருவத்தை மட்டும் பையப் பையத் தேய்த்தாள். பக்கத்தில் நின்றவளின் முந்தானை நுனியில்கூட அவள் விரல் படவில்லை. படத்தின் நடுவே ஒரு பெண் அளவுக்கு வெறும் கண்ணாடி. அதற்குள் என் வீட்டு முற்றத்து வேம்பு அசைந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மத்தவங்களையும் அழிச்சிரலாம்லா?" என்றேன்.

"அவங்க மூஞ்சிக்கு நானா பொறுப்பு? நீங்களே போய்க் கேளுங்க."

ஏழு பேர் மிச்சம். மறுநாள் ஒரு கையில் தகடு, மறு கையில் செம்பு நிறைய வெந்நீர் என்று ஆற்றுக்குப் புறப்பட்டேன்.