வாவுக்கு வந்த பாட்டு

எங்கள் பெரியப்பாவுக்குப் பாட்டு மாதத்தில் இரண்டு தடவை வரும். அமாவாசைக்கு ஒரு தடவை, பௌர்ணமிக்கு ஒரு தடவை. எங்கள் பக்கத்தில் இரண்டுக்குமே வாவு என்றுதான் பெயர். கறுத்த வாவு, வெளுத்த வாவு. யானைக்கால் உள்ளவர்களுக்கு வாவு நெருங்கினால் காய்ச்சல் வரும் என்பது நாஞ்சில் நாட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பெரியப்பாவுக்கு வலது கால் அப்படி. முதலில் தொடையிடுக்கில் நெறி கட்டும். பிறகு குளிர் வரும். மூன்று போர்வை போட்டாலும் கட்டில் கிடந்து ஆடும். அந்த ஆட்டத்தின் நடுவில் அவர் வாயிலிருந்து பாட்டு வரும்.

இருபது வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு போனவர் அவர். திருநெல்வேலி, மதுரை, கொழும்பு என்று பாட்டு எழுதிக்கொண்டே சுற்றியவர். முப்பது வருடம் எழுதினார். நான் அவரைத் தெரிந்துகொண்ட காலத்தில் கம்பெனி கலைந்துவிட்டது. கால் மட்டும் மிச்சமிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் இளைஞர்கள் நாடகம் போடுவார்கள். அதற்குப் பாட்டு பெரியப்பாதான். மற்றபடி கல்யாண வாழ்த்து, தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு. கேட்டு வருகிறவர்களிடம் ஊரே சொல்லும், வாவு கழியட்டும் என்று. பசு கன்று ஈனுவதற்கு நாள் சொல்வது போலத்தான் சொல்வார்கள். அந்த மனிதருக்கு எப்படி வலிக்கும் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வளவில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தன. பெரியப்பாவுக்கும் அவர் மனைவி பெரியம்மைக்கும் பிள்ளை இல்லை. நான் நாலாம் வகுப்பு. காய்ச்சலில் அவர் முனங்குவதை நோட்டில் எழுதி எடுப்பது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பெரியப்பா சொல்வார். உலகத்தில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அதனால் எனக்கு அவர்மேல் உயிர்.

நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அங்கங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. அந்த வருடம்தான் பெரியம்மை அவரை வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார். வெள்ளையாக, சின்னதாக, வட்டமாக இருக்கும். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், இடையில் நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். பெரியம்மை கொடுத்தால் பெரியப்பா பிறகு பிறகு என்று தட்டிக் கழிப்பார். நான் கொடுத்தால் மறுக்கமாட்டார். அதனால் காலையிலும் மாலையிலும் மாத்திரையும் வெந்நீரும் கொடுப்பது என் பொறுப்பாயிற்று.

அந்த வெளுத்த வாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. பெரியம்மை நம்பாமல் மூன்று நாள் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிறுபயறுப் பாயசம் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலைக் கழுவித் துடைத்தவள் அவள். அவள் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று கரண்டியும் கையுமாகச் சிரித்தாள். அடுத்த கறுத்த வாவுக்கும் காய்ச்சல் இல்லை. அதற்கடுத்த வெளுத்த வாவும் சும்மா போனது. பாட்டும் இல்லை.

பெரியப்பா சாய்வு நாற்காலியில் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேனா முனையில் மை காய்ந்துவிடும். உதறுவார், தொடுவார், மறுபடி காயும். ஒருநாள் நாடகம் போடும் அண்ணன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, கொடைக்கு நாப்பது நாளுதான் இருக்கு. பயலுவ மார்த்தாண்டத்துல ஒரு ஆளு இருக்காருன்னு சொல்லுகானுவ. சினிமா மெட்டுக்கு ஒரே நாள்ல எழுதித் தருவாராம். நான்தான் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்."

"அடுத்த வாவு வரைக்கும் பொறுடே" என்றார் பெரியப்பா. கெஞ்சுகிற குரல். அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

அண்ணன் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். "காச்சல் இல்லாம எங்கேருந்து மக்கா வரும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் எங்கள் பெரியப்பாவின் பாட்டு இல்லாமல் ஒரு நாடகம் நடப்பதும், மார்த்தாண்டத்துக்காரர் பெயரை மேடையில் சொல்வதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியாத அவமானம்.

ஒன்பது வயதுப் புத்திக்குக் கணக்கு நேராக இருந்தது. காய்ச்சல் வந்தால் பாட்டு வரும். மாத்திரை காய்ச்சலை விரட்டுகிறது. அப்படியானால் பாட்டைத் திருடுவது மாத்திரை. அரிசிமாவைப் பிசைந்து சின்னச் சின்னதாக உருட்டித் தட்டி வெயிலில் காயவைத்தேன். அசல் மாத்திரைகளை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, மாவு உருண்டைகளைப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் வாயில் போட்டு வெந்நீர் குடித்தார். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் பார்த்தால், உருண்டைகளை எறும்பு தின்று தீர்த்திருந்தது. பெரியப்பா கையை நீட்டிவிட்டார். அசல் மாத்திரையைக் கொடுத்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். என்ன செய்வதென்று தெரியாமல், மூடிய கையை அவர் கைக்கு மேல் கொண்டுபோய்த் திறந்தேன். ஒன்றும் விழவில்லை. அவர் கண் முற்றத்துப் பலாமரத்தில் இருந்தது. வெறுங்கையை வாயருகில் கொண்டுபோனார். வெந்நீரை வாங்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"இண்ணைக்குக் கசப்பு கூடுதலா இருக்கு மக்கா" என்றார்.

நான் எங்கள் அடுக்களைக்கு ஓடிப்போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். பாட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த உலக நினைப்பே கிடையாது என்று எங்கள் அப்பா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு தினமும் வெறுங்கைதான், மாவு உருட்டும் வேலையும் மிச்சம்.

கறுத்த வாவுக்கு முந்தின நாள் மத்தியானம் நெறி கட்டியது. அப்புறம் வந்த குளிரை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டில் சுவரில் மோதி மோதிக் காரை உதிர்ந்தது. கால் சிவந்து பளபளவென்று வீங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பாட்டு வந்தது. ஒன்றல்ல, ஒன்பது பாட்டு. இரண்டு நாள் எழுதினேன். பெரியம்மை ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்கும்போது, அடுத்த வரியை அவள் உதடு முதலிலேயே சொன்னது. அவர் மனதில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் வாயைப் பிளந்தேன்.

நாடகம் போடும் அண்ணன் வந்து நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு பக்கம் புரட்டினார். அவர் முகம் ஒருமாதிரி ஆயிற்று. நோட்டை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போதும் அண்ணாச்சி, இது போதும்" என்றார். கொடையன்று கூட்டத்தில் இருந்த வயசாளிகள் நடிகர்கள் வாய் திறக்கும் முன்பே பாட்டைப் பாடினார்கள். முதல் தடவையிலேயே ஊருக்கு மனப்பாடமாகிற பாட்டு எங்கள் பெரியப்பாவுடையது என்று நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். அந்த ஒன்பதும் அவர் இளவயதில் கம்பெனிக்கு எழுதிய பழைய பாட்டுகள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. புதிதாக ஒரு வரிகூடக் காய்ச்சல் அவருக்குக் கொடுக்கவில்லை.

கொடைக்கு அவர் வரவில்லை. காலில் தோல் வெடித்துப் புண்ணாகி நீர் வடிந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க நாற்றம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகாது என்றார். "மொடங்காமக் குடுத்தோமே" என்று பெரியம்மை திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

புண் கழுவ வெந்நீர் போடுவதற்கு விறகு எடுக்கப்போன இடத்தில் அவளுக்குச் சிரட்டை அகப்பட்டது.

"ஏட்டி, இது என்னட்டி? இது என்ன?" என்று என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு முதுகில் அறைந்தாள். கத்திக்கொண்டே அறைந்தாள். கட்டிலிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

"அவளை அடிக்காத. மாத்திரை வேண்டாம்னு வச்சது நானாக்கும்."

பெரியம்மையின் கை என் தலையிலிருந்து இறங்கியது. சிரட்டையோடு அவர் எதிரில் போய் நின்றாள். "என்னத்துக்கு?" என்று கேட்டாள். "நான் கழுவினது போதாதுன்னா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் தினமும் இரண்டு வேளை புண்ணைக் கழுவினாள், துணி மாற்றினாள், கஞ்சி ஊட்டினாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதுகு எரிந்துகொண்டிருந்தது, பயம். ஒவ்வொரு நாளும் நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அவர் அப்புறம் எழுதவில்லை. காய்ச்சல் வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று எங்கள் தெருவில் ஊர்வலம் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. யார் எழுதின பாட்டோ. பெரியப்பா கையால் சைகை காட்ட, பெரியம்மை ஜன்னலைச் சாத்தினாள். அந்த ஐப்பசி மழையிலேயே அவர் போய்விட்டார். அவள் அவரிடம் பேசாமலேயே போய்விட்டார்.

என்னை அடியிலிருந்து காப்பாற்ற ஒரு பொய் சொல்லி, அதனால் மனைவியின் பேச்சை இழந்தவர் என்று அறுபது வருடம் அவரை நினைத்து அழுதிருக்கிறேன். எனக்கும் இப்போது சர்க்கரை வியாதி. மருமகள் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று மாத்திரையைக் கையில் வைப்பாள். போன மாசம் ஒருநாள், டிவியைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டிய நான், திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டுதான் இருக்கு பிள்ளே" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. நோயாளியின் உள்ளங்கைக்கு மாத்திரை இருப்பதும் இல்லாததும் தெரியாதா?

பெரியப்பா பெரியம்மையிடம் சொன்னது உண்மை. அவர் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அது என்னிடம் சொன்னது, கசக்கிறது என்று.